எனாமல் கேரியரின் அடியில் எழுதியிருந்த நாடு

எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டில், அடுப்படிக்குப் போகும் வழியில் உள்ள சாமான் அறையில், நான்கு அடுக்கு எனாமல் கேரியர் ஒன்று இருக்கிறது. வெளியே வெளிர்நீலம், உள்ளே வெள்ளை, ஒவ்வொரு அடுக்கின் விளிம்பிலும் கருநீலக் கோடு. மூன்றாவது அடுக்கில் ஓரிடத்தில் எனாமல் பெயர்ந்து, கட்டைவிரல் நகம் அளவுக்குக் கறுத்த இரும்பு தெரியும். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போயிருந்த என் ஐயா 1938இல் ரங்கூனிலிருந்து ஊர் திரும்பியபோது வாங்கிவந்தது அது. பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் செட்டிநாட்டு வீடுகளுக்குள் வந்து சேர்ந்த அதே கப்பல் வழியில்தான் இந்த எனாமல் சாமான்களும் வந்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழஞ்சாமான் கடைகளில் இன்றைக்கும் இவை அடுக்கடுக்காகக் கிடக்கின்றன.

கேரியரைக் கவிழ்த்தால் அடியில் வட்டமாக ஒரு முத்திரை தெரியும். ஆங்கில எழுத்துகளைக் கூட்டி வாசிக்கப் பழகிய வயதில் நான் முதன்முதலில் முழுதாக வாசித்து முடித்த நீண்ட சொல் அதில்தான் இருந்தது: 'மேட் இன் செக்கோஸ்லோவாக்கியா'. அது எந்த ஊர் என்று அப்பத்தாவிடம் கேட்டேன். "சீமையில ஏதோ ஒரு ஊருப்பா. உங்க ஐயா இருந்தா சொல்லியிருப்பாக" என்றார். பிறகு பள்ளிக்கூடத்து உலகப் படத்தில் அந்த நாட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். கடல் எதையும் தொடாமல், ஐரோப்பாவின் நடுவில் நீளவாக்கில் படுத்திருந்தது. 1993ஆம் ஆண்டின் முதல் நாள் அது செக் குடியரசு, ஸ்லோவாக்கியா என இரண்டாகப் பிரிந்தபோது, உறவுமுறையில் யாரோ போய்விட்டதைப் போல ஒரு வருத்தம் எனக்கு வந்தது. அதன் பிறகு 1998 பிப்ரவரியில், நாகானோ ஒலிம்பிக்கில் செக் அணி ரஷ்யாவை ஒரே ஒரு கோலில் வென்று ஐஸ் ஹாக்கித் தங்கம் வாங்கிய செய்தியை நாளிதழில் படித்தேன். அன்றிலிருந்து அந்த அணியின் பின்னால் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஐஸ் என்றால் மரத்தூள் தூவிச் சாக்கால் மூடி வண்டியில் வரும் பாளம் என்று மட்டுமே அறிந்த ஊரில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன் என்பதால், ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். அறுபது மீட்டர் நீளமும் முப்பது மீட்டர் அகலமும் கொண்ட உறைபனித் தளத்தில், காலில் சறுக்குக் கத்தி பூட்டிய ஆறு பேர் ஒரு பக்கம், ஆறு பேர் மறுபக்கம். அவர்களில் ஒருவர் கோல்கீப்பர். பந்துக்குப் பதிலாகக் கெட்டியான ரப்பர் வட்டு. ஏறக்குறைய ஏழரை சென்டிமீட்டர் விட்டமும் இரண்டரை சென்டிமீட்டர் கனமும் உள்ள அந்த வட்டு துள்ளக் கூடாது என்பதற்காக, ஆட்டத்துக்கு முன்பே அதை உறையவைத்து எடுத்துவருவார்கள். இருபது நிமிடங்களாக மூன்று பகுதிகள். விதிகளில் இவ்வளவு தெரிந்தால் இந்தக் கதைக்குப் போதும்.

செக்கோஸ்லோவாக்கிய அணியைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக அதன் ஆறு உலகப் பட்டங்களை எண்ணுவார்கள்: 1947, 1949, 1972, 1976, 1977, 1985. இவ்வளவு காலம் படித்த பிறகு, அந்த எண்ணிக்கையால் இந்த அணியின் வரலாற்றைச் சொல்ல முடியாது என்றே நான் நினைக்கிறேன். அந்த அணி ஆடவே ஆடாத ஒரு போட்டியும், வெண்கலத்தோடு திரும்பிய இரண்டு போட்டிகளும்தான் அதன் வரலாற்றைத் தாங்கி நிற்கின்றன.

முதல் வெண்கலம் 1920இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் கிடைத்தது. நாடு உருவாகி இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. அதற்கு முன் போஹேமியா என்ற பெயரில் ஆடி 1911இலும் 1914இலும் ஐரோப்பியப் பட்டம் வென்றிருந்தவர்கள் என்றாலும், கடலுக்கு அப்பாலிருந்து வந்தவர்களின் ஆட்டம் வேறு மாதிரி இருந்தது. கனடா 15-0 என்று வென்றது; அமெரிக்கா 16-0 என்று வென்றது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் சுவீடனுக்கு எதிராக யோசெஃப் ஷ்ரோபெக் என்பவர் ஒரு கோல் அடித்தார், 1-0. மொத்தம் அடித்தது ஒன்று, வாங்கியது முப்பத்தொன்று, கழுத்தில் ஒலிம்பிக் வெண்கலம். முப்பத்தொரு கோல் வாங்கிய அணி கடைசி ஆட்டத்தில் ஒன்றையும் விடாமல் நின்றதே, அந்த நெஞ்சுரத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

1930களில் பிராக் நகரத்தின் நடுவே ஓடும் வில்டாவா ஆற்றின் தீவு ஒன்றில், ஷ்ட்வானிட்சே என்ற இடத்தில், செயற்கைப் பனித்தளம் அமைத்தார்கள். இயற்கைப் பனிக்குக் காத்திருந்த காலம் அதோடு போயிற்று. பெற்றோர் வழியில் ஸ்லோவாக்கிய வேர் கொண்ட மைக் பக்னா என்ற கனடா இளைஞர் பயிற்சியாளராக வந்து, வட்டைக் கைமாற்றி ஆடும் முறையையும் உடலால் மோதித் தடுக்கும் முறையையும் சொல்லிக்கொடுத்தார். 1938இல் அந்தத் தீவிலேயே நடந்த உலகப் போட்டியில் அணி மூன்றாம் இடம் பிடித்தது. எங்கள் கேரியர் ரங்கூன் கடையிலிருந்து புறப்பட்ட ஆண்டும் அதுதான். அந்த ஆண்டு செப்டம்பரில் மியூனிக்கில் நான்கு வல்லரசுகள் கூடி, அந்த நாட்டின் எல்லைப் பகுதிகளை ஜெர்மனிக்கு எழுதிக்கொடுத்தன. அடுத்த மார்ச்சில் ஹிட்லரின் படை பிராகுக்குள் நுழைந்தது. முத்திரையில் இருந்த நாடு முதல் முறை அழிந்தது அப்போதுதான்.

போர் முடிந்ததும் பக்னா திரும்பி வந்தார். 1947இல் பிராகிலேயே, கனடா கலந்துகொள்ளாத போட்டியில், செக்கோஸ்லோவாக்கியா முதல் முறையாக உலகப் பட்டம் வென்றது. 1948 பிப்ரவரியில் செயின்ட் மோரிட்ஸ் ஒலிம்பிக்கில் கனடாவோடு மோதிய ஆட்டம் 0-0 என்று முடிந்தது. இரு அணிகளும் ஏழு வெற்றி, ஒரு சமநிலை என்று ஒரே புள்ளியில் நின்றன. கோல் விகிதம் பார்த்துக் கனடாவுக்குத் தங்கம் கொடுத்தார்கள். கனடாவை ஒரு கோல்கூட அடிக்கவிடாமல் அன்று நின்றவர் போஹுமில் மொட்ரி. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே அணியில் யாரோஸ்லாவ் ட்ரோப்னி என்ற முன்கள ஆட்டக்காரரும் இருந்தார். 1949 கோடையில் சுவிட்சர்லாந்துக்கு டென்னிஸ் ஆடப் போன அவர் நாடு திரும்பவில்லை. பிறகு எகிப்தின் குடிமகனாக 1954இல் விம்பிள்டன் ஆண்கள் பட்டத்தை வென்றார். அதே ஆண்டு, அதே விம்பிள்டனில், சிறுவர் பட்டத்தை வென்றவர் நம் ராமநாதன் கிருஷ்ணன். ஒலிம்பிக் ஐஸ் ஹாக்கி வெள்ளியும் விம்பிள்டன் பட்டமும் ஒரே மனிதரின் வீட்டில் இருந்ததை எண்ணி வியந்துகொண்டே, அவர் ஏன் திரும்பவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன்.

1948 பிப்ரவரி 25 அன்று, அதாவது ஒலிம்பிக் முடிந்த அதே மாதத்தில், கம்யூனிஸ்டுக் கட்சி நாட்டின் ஆட்சியை முழுதாகக் கைப்பற்றியது. அதற்குப் பிறகு வெளிநாடு செல்லும் ஒவ்வொரு ஆட்டக்காரரும் அரசின் கண்ணுக்கு, நாட்டை விட்டுத் தப்பி ஓடக்கூடியவராகவே தெரிந்தார். நவம்பர் 8ஆம் தேதி அணியில் ஆறு பேர் பாரிஸிலிருந்து லண்டனுக்குச் சிறு விமானம் ஒன்றில் புறப்பட்டார்கள். இங்கிலாந்துக் கால்வாயின் மேல் அந்த விமானம் மறைந்துபோனது. உடல்கள் கிடைக்கவே இல்லை. கோஷிட்சே ஊரைச் சேர்ந்த லாடிஸ்லாவ் ட்ரோயாக் என்ற ஸ்லோவாக்கியர் அந்த ஆறு பேரில் ஒருவர். இன்று அவருடைய ஊரின் விளையாட்டரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே டிசம்பரில் தாவோஸ் நகரத்துக்கு ஆடப் போன பிராக் வீரர்கள், திரும்புவதா வேண்டாமா என்று தங்களுக்குள்ளேயே பேசிப் பார்த்தார்கள். ஒருசிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். பெரும்பாலோர் ஊருக்குத் திரும்பினார்கள். ஆறு பேரை இழந்து, தங்கிவிட்டவர்களையும் இழந்து, மிச்சம் இருந்தவர்கள் 1949 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமுக்குப் போய்க் கனடாவை 3-2 என்று வென்று மறுபடியும் உலகப் பட்டத்தை எடுத்துவந்தார்கள்.

பட்டத்தைக் காக்க வேண்டிய அடுத்த போட்டி 1950 மார்ச்சில் லண்டனில். மார்ச் 11 அன்று வீரர்கள் பெட்டியோடு பிராக் விமான நிலையத்தில் காத்திருந்தார்கள். வானொலி வர்ணனையாளர்களுக்குப் பிரிட்டன் விசா கொடுக்கவில்லை, ஆகவே பயணம் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். 13ஆம் தேதி மாலை, தேசிய நாடக அரங்குக்குப் பக்கத்துத் தெருவில் உள்ள ஹெர்ட்ஸ்லிக் மதுக்கடையில் அவர்களில் பலர் கூடினார்கள். அங்கிருந்த வானொலி, வர்ணனையாளர்களுக்கு ஆதரவாக லண்டன் செல்வதில்லை என்று வீரர்கள் தாங்களே முடிவெடுத்ததாக அறிவித்தது. தாங்கள் எடுக்காத முடிவைத் தங்கள் பெயரால் வானொலி சொல்வதைக் கேட்டுக்கொண்டு அந்தச் சிறிய கடைக்குள் உட்கார்ந்திருந்த உலகச் சாம்பியன்களை நான் பல இரவுகள் நினைத்திருக்கிறேன். கோபத்தில் ஆட்சியைத் திட்டினார்கள், சத்தம் போட்டார்கள். கடைக்குள்ளேயே ரகசியப் போலீஸ் இருந்தது. அன்றே கைதுகள் தொடங்கின.

மொட்ரி அன்று அந்தக் கடையில் இல்லை. அந்த ஆண்டு அணியிலும் இல்லை. இருந்தும், வெளிநாட்டுத் தொடர்புகள் உடையவர் என்பதால் அவரையே குழுவின் தலைவராக்கினார்கள். அக்டோபரில் மூடிய கதவுக்குள் விசாரணை நடந்தது. தேசத்துரோகம், உளவு என்று குற்றம் சாட்டிப் பன்னிரண்டு பேருக்குத் தண்டனை விதித்தார்கள். மொட்ரிக்குப் பதினைந்து ஆண்டு, அகஸ்டின் புப்னிக்குக்குப் பதினான்கு, ஸ்டானிஸ்லாவ் கோனோபாசெக்குக்குப் பன்னிரண்டு. குறைந்தது எட்டு மாதம். பனித்தளத்தில் ஓடிய கால்களை யாஹிமோவ் யுரேனியச் சுரங்கங்களுக்கு அனுப்பினார்கள். தோண்டிய யுரேனியம் சோவியத் ஒன்றியத்துக்குப் போனது. 1955இல்தான் பொதுமன்னிப்பில் வெளியே விட்டார்கள். மொட்ரி 1963இல், நாற்பத்தாறு வயதில், சுரங்கத்தில் கெட்ட உடலோடு இறந்துபோனார். குற்றமற்றவர்கள் என்ற தீர்ப்பு 1968இல் வந்தபோது அவர் அதைக் கேட்க இல்லை.

பதக்கப் பட்டியலில் 1950க்கு நேராக இந்த நாட்டின் பெயர் இருக்காது. பட்டத்தைக் கையில் வைத்திருந்த அணியை அதன் சொந்த அரசே அழித்ததற்கு விளையாட்டு வரலாற்றில் இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டை நான் அறியேன். 1953இல் சுவிட்சர்லாந்தில் உலகப் போட்டி நடந்துகொண்டிருந்தபோது, அதே அரசின் தலைவர் கோட்வால்ட் இறந்தார் என்று அணியைப் பாதியிலேயே ஊருக்கு அழைத்துக்கொண்டார்கள். ஆட்டக்காரர்களின் உழைப்பை ஆட்சி எவ்வளவு எளிதாக எடுத்துக்கொண்டது என்பதற்கு அதுவும் சாட்சி.

புப்னிக் நீண்ட காலம் வாழ்ந்தார். 1966இல் பின்லாந்து அவரைத் தேசிய அணியின் பயிற்சியாளராக அமர்த்தியது. அதற்கு அடுத்த ஆண்டு வியன்னா உலகப் போட்டியில் பின்லாந்து முதல் முறையாகச் செக்கோஸ்லோவாக்கியாவை வென்றது, 3-1. யாருடைய சட்டையை அணிந்து உலகப் பட்டம் வென்றாரோ, யாருடைய சிறையில் ஐந்து ஆண்டு கிடந்தாரோ, அந்த நாட்டின் அணியை எதிர்த்து அன்று அவர் பலகைக்குப் பின்னால் நின்றிருந்தார். அந்த மனநிலையைச் சொல்ல எனக்குச் சொற்கள் போதவில்லை.

இனி ரஷ்யர்களின் பக்கம் வருகிறேன். அவர்களுக்கு இந்த ஆட்டம் போருக்குப் பிறகுதான் பழக்கம். அதுவரை பனியின் மேல் பந்து வைத்து ஆடும் பேண்டிதான் ஆடிக்கொண்டிருந்தார்கள். 1948இல் பிராகின் எல்.டி.சி. என்ற கிளப் அணி மாஸ்கோவுக்குப் போய் மூன்று ஆட்டம் ஆடியது. மாஸ்கோ வீரர்கள் ஒவ்வொரு அசைவையும் கூர்ந்து பார்த்தார்கள். அங்கே கோல்கீப்பர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களில் மொட்ரியும் ஒருவர். ஆறே ஆண்டுகளில், 1954இல், சோவியத் அணி கலந்துகொண்ட முதல் உலகப் போட்டியிலேயே பட்டம் வென்றது. 1963 முதல் 1971 வரை தொடர்ந்து ஒன்பது முறை வென்றது.

அந்த ஒன்பதுக்கு நடுவில்தான் 1969 வருகிறது. முந்தைய ஆண்டு ஆகஸ்டில், கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர் டுப்செக்கின் சீர்திருத்தங்களை நசுக்கச் சோவியத் தலைமையிலான படைகள் டாங்கிகளோடு நாட்டுக்குள் புகுந்திருந்தன. பிராகில் நடக்க இருந்த உலகப் போட்டி ஸ்டாக்ஹோமுக்கு மாறியது. அப்போது நாட்டின் சின்னத்தில் சிங்கத்தின் தலைமேல் பழைய கிரீடத்துக்குப் பதிலாகச் சிவப்பு நட்சத்திரம் இருந்தது. வீரர்களின் மார்பிலும் அந்தச் சின்னம்தான். யாரோஸ்லாவ் யிர்ஷிக் போன்ற சிலர், ஹாக்கி மட்டையில் சுற்றும் ஒட்டுநாடாவைக் கிழித்து அந்த நட்சத்திரத்தின் மேல் ஒட்டிக்கொண்டார்கள். சிங்கம் தெரிந்தது, நட்சத்திரம் மறைந்தது. விரல் நீளம்கூட இல்லாத அந்த ஒட்டுத்துண்டுக்கு என்ன விலை கொடுக்க வேண்டிவரும் என்பது, 1950ஐக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

மார்ச் 21 அன்று 2-0. யான் சுகி ஒன்று, யோசெஃப் செர்னி ஒன்று. கோலில் நின்ற விளாடிமிர் ஜுரில்லா ஒன்றையும் விடவில்லை. ஆட்டம் முடிந்ததும் எதிரணிக்குக் கைகொடுக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு வெளியேறினார்கள். மார்ச் 28 அன்று மறுபடியும் மோதி 4-3 என்று வென்றார்கள். அன்று இரவு நாடு முழுவதும் ஐந்து லட்சம் பேர் வரை தெருவுக்கு வந்தார்கள் என்று சொல்வார்கள். இரண்டு மாதத்துக்கு முன்பு யான் பலாக் என்ற மாணவர் படையெடுப்பை எதிர்த்துத் தன்னைத் தீயிட்டுக்கொண்ட அதே வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. அங்கிருந்த சோவியத் விமான நிறுவனத்தின் அலுவலகம் சூறையாடப்பட்டது. அலுவலகத்தின் முன்னால் முன்கூட்டியே கல் குவித்துவைத்ததும் கூட்டத்தைத் தூண்டிவிட்டதும் ரகசியப் போலீஸ்தான் என்று அந்த நாட்டில் பலர் இன்றும் நம்புகிறார்கள். எது எப்படியோ, மாஸ்கோவுக்கு ஒரு சாக்கு கிடைத்தது. மூன்று வாரத்துக்குள், ஏப்ரல் 17 அன்று, டுப்செக் பதவியிழந்தார், அவர் இடத்துக்கு ஹுசாக் வந்தார்.

சோவியத் ஒன்றியம், சுவீடன், செக்கோஸ்லோவாக்கியா மூன்றும் அந்தப் போட்டியில் பதினாறு புள்ளியே எடுத்தன. சுவீடனிடம் இரு முறையும் தோற்றிருந்தார்கள்; கோல் வித்தியாசம் பார்த்ததில், சாம்பியனை இரு முறையும் வென்ற அணிக்குக் கடைசியில் வெண்கலம்தான் கிடைத்தது. ஆறு தங்கத்தையும் ஒரு தட்டில் வைத்து இந்த வெண்கலத்தை மறு தட்டில் வைத்தாலும், என் தராசு வெண்கலத்தின் பக்கமே சாயும்.

1972இல் பிராகிலேயே சோவியத்தை வீழ்த்தி அந்த ஒன்பதாண்டுத் தொடரை முறித்ததையும், 1976, 1977 பட்டங்களையும் விவரிக்க எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. அவை ஆட்டத்தால் கிடைத்த நல்ல வெற்றிகள், அவற்றை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். ஜுரில்லா தொழிலால் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர் என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும். பகலில் ஃபிரிட்ஜைக் கழற்றிப் பூட்டிய கைகள்தான் உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் அடித்த வட்டுகளைத் தடுத்தன. நாட்டை விட்டு வெளியேறுவதும் நிற்கவில்லை. 1974இல் வாட்ஸ்லாவ் நெடோமான்ஸ்கி போனார். 1980இல் பீட்டர், ஆன்டன் என்ற ஷ்டாஸ்ட்னி சகோதரர்கள் கனடாவுக்குப் போனார்கள். போனவர்களின் பெயரை உள்நாட்டுச் செய்திகள் உச்சரிக்காமல் விட்டன.

நாடு பிரிந்தபோது பன்னாட்டு அமைப்பு எடுத்த முடிவு எனக்கு இன்றும் உறுத்துகிறது. செக்கோஸ்லோவாக்கியாவின் இடத்தைச் செக் குடியரசு எடுத்துக்கொண்டது. ஸ்லோவாக்கியாவை மூன்றாம் நிலையான 'சி' பிரிவில் இறக்கினார்கள். ட்ரோயாக்கும் ஜுரில்லாவும் ஷ்டாஸ்ட்னி சகோதரர்களும் பிறந்த மண் அது. கூட்டுக்குடும்பம் பிரியும்போது தம்பிக்கு வளவிலும் பங்கில்லை, முகப்பிலும் பங்கில்லை என்றால் எங்கள் பக்கத்தில் ஊரே கூடிக் கேட்கும். ஸ்லோவாக்கியர்கள் வாதாடிக்கொண்டிருக்கவில்லை; 1994இல் 'சி' பிரிவையும் 1995இல் 'பி' பிரிவையும் வென்று மேலே ஏறினார்கள், 2002இல் ரஷ்யாவை 4-3 என்று வென்று உலகப் பட்டத்தையே எடுத்தார்கள். எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் ஐயாவின் பர்மா நிலப் பத்திரங்கள் இருக்கின்றன. 1948இல் வந்த நில தேசியமயச் சட்டத்துக்குப் பிறகு அவை வெறும் காகிதம். இழந்ததைப் பத்திரமாக மடித்துவைத்த குடும்பத்தில் பிறந்ததால்தானோ என்னவோ, இழந்ததை ஆடிப் பிடித்தவர்கள்மேல் எனக்கு இவ்வளவு பற்று.

நாகானோவில் அரையிறுதியில், சமநிலையை முறிக்கக் கனடா அடித்த ஐந்து தனி அடிகளையும் செக் கோல்கீப்பர் டொமினிக் ஹாஷெக் தடுத்தார். அவரோடு ஆடிய யாரோமிர் யாகரின் முதுகில் இருந்த எண் 68. படையெடுப்பு நடந்த ஆண்டு அது. படையெடுப்புக்குப் பிறகு பிறந்த மனிதர், அந்த எண்ணை விடாமல் வாழ்நாள் முழுவதும் முதுகில் சுமந்துகொண்டு ஆடினார்.

2024 மே 26 அன்று, பிராகில் செக் குடியரசும் சுவிட்சர்லாந்தும் மோதிய உலகப் போட்டியின் இறுதி ஆட்டம் நம் நேரத்துக்கு நள்ளிரவை ஒட்டித் தொடங்கியது. கத்தரி வெயில் குடித்த சுவர்கள் இன்னும் அனல் விட்டுக்கொண்டிருந்ததால், ஆத்தங்குடிக் கல் பாவிய வளவில் பாயைப் போட்டு, அலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பகுதி முடிந்தும் கோல் இல்லை. மூன்றாம் பகுதியில் செக் வீரர் பஸ்டர்னாக் முதல் கோலை அடித்தார். கடைசியில் இன்னொன்று, 2-0. அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. நான் என்னை மறந்து சத்தம் போட்டுவிட்டேன் போலிருக்கிறது, பட்டாலையில் படுத்திருந்த அம்மா எழுந்து வந்தார்.

"என்னப்பா, நம்ம கேரியர்ல எழுதியிருக்கிற ஊருக்காரங்க ஜெயிச்சிட்டாகளா?"

"ஆமாம்மா" என்றேன். பிறகு, "அதுல பாதிப் பேரு" என்றேன்.